கழிவு போக நூற்றுப்பத்து

தாங்கள் சன்னலோரமே அமர்ந்துகொள்ளுங்கள் ஐயா. நான் ஒரு காலை வழிநடையில் விட்டுக்கொண்டு சமாளித்துவிடுவேன். முன்பெல்லாம் இருவர் இருக்கை என்றால் இருவர் தாராளமாக அமர்ந்து, நடுவில் ஒரு பையையும் வைக்கலாம். இப்போது புதிய பேருந்து விடுகிறோம் என்று இருக்கையைக் குறுக்கிவிட்டார்கள். யாரிடம் போய்ச் சொல்வது? தோள் நசுங்கவில்லையே? நல்லது.

மடியில் உள்ள பெட்டியைத்தானே பார்க்கிறீர்கள்? பார்க்கலாம், தவறில்லை. வத்தலக்குண்டு கூரியர் அலுவலகத்தில் இருந்தவரும் இதை ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, மாட்டுக்குக் கயிறா?" என்று கேட்டார். மாட்டுக்கு அல்ல, எனக்கு என்றேன்.  தாங்கள் தாண்டிக்குடி வரை வருகிறீர்கள். மலை ஏற ஒன்றரை மணி நேரமாகும். ஆகவே தங்களுக்கு முழுமையாகச் சொல்கிறேன்.

என் பெயர் அங்குசாமி. தாண்டிக்குடிக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகப் பதினோரு ஏக்கர் காப்பித் தோட்டம். நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களில் எல்லாம் மிளகுக் கொடி. சுற்று வட்டாரத்தில் சிறுகச் சிறுக மிளகு விளைவிப்பவர்கள் என் கோடவுனுக்குத்தான் கொண்டுவந்து எடை போடுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கும் எனக்கும் உறவு முடிந்தது. அதன் பிறகு கற்றதெல்லாம் நானே கற்றது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கையேடுகளை வாசிப்பேன். மோட்டார், தெளிப்பான், கைபேசி எதுவானாலும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்காமல் தொடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு குறை உண்டு ஐயா. இருபத்துமூன்று ஆண்டுகளாக என் சொந்த மரங்களின் உச்சியை நான் பார்த்ததில்லை. தாங்கள் சிரிக்கலாம். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் இலைதான் தெரியும்; காய் தெரியாது. அறுப்புக்கு ஏறுகிறவன் சின்னாண்டி. ஒற்றை மூங்கிலின் கணுக்களில் கால் வைக்கும் அளவுக்குக் குச்சிகளை விட்டு வைத்திருப்பார்கள். அதுதான் அவனுக்கு ஏணி. அதை மரத்தில் சாய்த்துப் பல்லி போல ஏறுவான். மூங்கில் முடியும் இடத்தில் நின்றுகொள்வான். அதற்கு மேலும் பத்துப் பன்னிரண்டு அடிக்குக் கொடி போகிறது. "ஏப்பா சின்னாண்டி, மேலே இருப்பதையும் எட்டிப் பறி" என்று நான் குரல் கொடுப்பேன்.

"மேலே காய் இல்லைங்க மொதலாளி. காத்துதான் இருக்கு."

இருபத்துமூன்று அறுப்பு. ஒவ்வோர் அறுப்பிலும் இதே பதில். மேலே காய் இல்லை. கொடி இருக்கிறது, வெயில் படுகிறது, பூக்கிறது, ஆனால் காய் மட்டும் இல்லையாம்! நான் நம்பினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. ஒருமுறை பொறுக்க முடியாமல் நானே மூங்கிலில் கால் வைத்தேன். மூங்கில் முறிந்துவிட்டது. பழைய மூங்கில். சின்னாண்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மரியாதை தெரிந்தவன். மறுநாள் வேறு மூங்கில் வெட்டி வந்தான். அன்று முதல் அதை என் கண்ணில் படாத இடத்தில் சாத்தி வைக்கிறான். ஏன் என்று தெரியவில்லை.

கடந்த ஆவணியில் கைபேசியில் ஒரு காணொளி கண்ணில் பட்டது. அயல்நாட்டில் வேட்டைக்காரர்கள் மானுக்குக் காத்திருக்க மரத்தில் பரண் கட்டுவதில்லை. இடுப்பிலும் தொடையிலும் அகலமான பட்டை ஒன்றை அணிந்து, அதைக் கயிற்றால் மரத்தோடு பிணைத்து, ஊஞ்சலில் அமர்வது போல அமர்ந்துவிடுகிறார்கள். இரண்டு கையும் சும்மா இருக்கிறது. அதற்கு நம் மொழியில் பெயரில்லை. 'மரச்சேணம்' என்று நான் பெயர் சூட்டினேன். எப்படியிருக்கிறது? மரகதம், அதாவது என் மனைவி, "சேணம் குதிரைக்குப் போடுறதுல்ல?" என்று கேட்டாள். சொல்லாக்கம் அவளுக்குப் புரியாது.

வேட்டை நம் நாட்டில் குற்றம். நான் எறும்பையும் ஊதித்தான் விலக்குகிறவன். ஆனால் மானுக்குப் பதில் மிளகு என்று வைத்துக்கொண்டால் அந்தச் சேணம் எனக்காகவே தைத்தது. தென்னை ஏறும் இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். அது மரத்தைக் கவ்விக்கொண்டு ஏறும். மரத்தைச் சுற்றியிருக்கும் கொடி கூழாகிவிடும்.

மூன்று மாதம் படித்தேன் ஐயா. நாற்பது பக்க நோட்டு ஒன்று நிறைந்தது. 'கனத்த உடம்புள்ள புதியவர்கள் மரச்சேணம் தெரிவு செய்யும் முறை' என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டேன். அதை வாசித்த மரகதம், "யாருங்க அந்தக் கனத்த உடம்பு? பக்கத்துத் தோட்டத்துக்காரரா?" என்றாள். பொதுவாக எழுதியிருக்கிறேன் என்றேன். பொதுநலனுக்காக எழுதுவதில் என்ன தவறு?

தாங்களும் சற்று... இல்லை, தாங்கள் ஒல்லிதான். இருந்தாலும் கேட்டு வையுங்கள். சேணத்தில் தாங்கு எடை என்று ஒன்று அச்சிட்டிருக்க வேண்டும். அச்சு இல்லாததைத் தொடவே கூடாது. கனத்தவருக்கு ஒற்றைப் பட்டை ஆகாது, தொடையை அறுக்கும்; இரண்டு பட்டையாக விரிந்து முதுகையும் தொடையையும் தனித்தனியே தாங்குவதுதான் நல்லது. தொடை வார்களை இறுக்கிய பிறகும் வார் நுனி கொஞ்சம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லையென்றால் அது நமக்கான அளவு அல்ல. தரையில் நிற்கும்போதே கயிற்றை மரத்தோடு பிணைத்துவிட வேண்டும். இறங்கிக் கால் மண்ணில் படும் வரை அவிழ்க்கக் கூடாது. கயிறு தொய்யவே கூடாது. தொய்ந்த கயிற்றில் ஒரு முழம் விழுந்தால் நம் எடை பல மடங்காகிக் கயிற்றை உலுக்கும். முதல் ஒரு வாரம் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, சிவப்பு மையில் இரண்டு கோடிட்டு எழுதியது இது: உடுத்திய உடை, செருப்பு, தோள்பை, தண்ணீர் பாட்டில், அரிவாள் எல்லாவற்றையும் உடம்பின் எடையோடு கூட்டிக்கொள்ளவும். அச்சிட்ட தாங்கு எடை அந்த மொத்தத்துக்குத்தான்.

இரண்டு சேணங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. ஒன்றின் தாங்கு எடை நூற்றுப்பத்து கிலோ. மற்றொன்று நூற்றைம்பது. நூற்றைம்பதுதான் இரட்டைப் பட்டை; நான் எழுதிய இலக்கணம் முழுதும் அதில் இருந்தது. ஆனால் அந்த விற்பனையாளர் படத்துக்குக் கீழே 'மிகப் பருமனானவர்களுக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். பண்பாடு தெரியாத மனிதர். அவரிடம் வாங்குவதா என்று தள்ளிவிட்டேன்.

நூற்றுப்பத்துக்கு என் உடம்பு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? கோடவுன் தராசில் ஏறினேன். நூற்றுப்பதினேழு காட்டியது. ஐயா, தராசு காட்டுவது எடை அல்ல. வியாபாரம் தெரிந்தவர்களுக்குத்தான் அது விளங்கும். ஒரு மூட்டை மிளகு வந்தால் சாக்குக்கு ஒரு கிலோ, ஈரப்பதத்துக்கு இரண்டு, தூசி தும்புக்கு அரை, ஆக மூன்றரை கிலோ கழிப்போம். எங்கள் கோடவுன் வழக்கம் அது. என் எடை இரண்டு மூட்டைக்குச் சமம். ஆகவே இரண்டு மூட்டைக்கான கழிவு. வேட்டி, சட்டை, துண்டு ஆகியவை சாக்குக் கணக்கில் இரண்டு. காலையில் இரண்டு தம்ளர் காப்பி குடித்திருந்தேன், வெளியில் சாரல் வேறு; ஈரப்பதம் நான்கு. சாவிக் கொத்து, கண்ணாடி, மோதிரம், இவை தூசி தும்பு ஒன்று. கழிவு போக நூற்றுப்பத்து. ஒரு கிராம் கூடவில்லை, ஒரு கிராம் குறையவில்லை. சேணமும் நூற்றுப்பத்து, நானும் நூற்றுப்பத்து! இதைவிடப் பொருத்தம் கல்யாணத்துக்குக்கூட அமையாது என்று அன்றே வாங்க எழுதிவிட்டேன்.

தை பிறந்து சேணம் வந்தது. வீட்டு முற்றத்துப் பலாமரத்தடியில் மரகதம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். சின்னாண்டியை உதவிக்கு அழைத்திருந்தேன். அவன் பட்டையைத் தொட்டுப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான், மோந்தும் பார்த்தான்.

"இதுல ஒக்காந்தா விழமாட்டமா மொதலாளி?"

"விழ முடியாது."

"விழ நெனச்சாலுமா?"

"நினைத்தாலும் முடியாது. வேட்டைக்காரர்கள் இதில் உறங்குகிறார்கள்."

"ஒறங்குறாங்களா!" என்றான். பட்டையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தான்.

தொடை வாரைச் சற்றுச் சிரமப்பட்டுத்தான் பூட்ட முடிந்தது. நுனி மிஞ்சவில்லை. புது வார், விறைப்பாக இருக்கிறது என்று சொன்னேன். "வார் வெறைப்பா இருக்கா, வயிறு வெறைப்பா இருக்கா?" என்றாள் மரகதம். சின்னாண்டி மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். தோள் குலுங்கியதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தான்.

ஆனால் நான் முன்பின் யோசியாதவன் அல்லன். என்னைத் தொங்கவிடும் முன் என் எடைக்குச் சமமான ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்ப்பது என்று நானே ஒரு சோதனை வகுத்திருந்தேன். அது எந்தக் காணொளியிலும் இல்லை. சின்னாண்டி வீட்டுக்குப் பின்னால் அவனுக்கென்று இருபது கொடி உண்டு. அந்த மிளகை முந்தின நாள்தான் இரண்டு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து எடை போட்டிருந்தான். மூட்டை மேல் நானே மையால் எழுதியிருந்தேன்: ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து. ஆக நூற்றுப்பத்து. சேணத்தைக் கழற்றி, இரண்டையும் அதில் வைத்துக் கட்டி, கயிற்றை மரத்தில் பிணைத்து, ஆளுக்கு ஒரு பக்கமாக ஒரு முழம் தூக்கிச் சட்டென்று விடலாம் என்றேன்.

விட்டோம்.

பட், பட், பட்டென்று ஒரு சத்தம். இடப்பக்கத் தையல் வரிசை பிரிந்து சேணம் வாய் திறந்தது. மூட்டைகள் சரிந்து தரையில் மோதின. ஒன்று வெடித்து முற்றம் முழுவதும் மிளகு. மரகதம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. நூற்றுப்பத்து என்று அச்சிட்டுவிட்டு நூற்றுப்பத்தைத் தாங்காத பொருளை விற்பதா? அங்கேயே விற்பனையாளருக்குப் போன் போட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒரு பெண்மணி எடுத்தார்.

"ஐயா, எவ்வளவு எடை தொங்கவிட்டீங்க?"

"சரியாக நூற்றுப்பத்து கிலோ. கோடவுன் எடை. ஒரு கிராம் கூடாது!"

சின்னாண்டி இருமினான். ஈரமில்லாத இருமல் அது. பார்த்தேன்.

"மொதலாளி... நேத்து அந்த மூட்டைகளத் தூக்கிட்டு வந்தது நான்."

"அதனால் என்ன?"

"எங்க வீட்டுலருந்து ரெண்டு நடையா தலைச்சுமையா வந்துச்சு. அது நூத்திப்பத்து இல்லீங்க."

"பிறகு?"

"நீங்களே நிறுத்துப் பாருங்க. கழிக்காம."

அந்தப் பெண்மணியைக் காத்திருக்கச் சொன்னேன். சிந்தியதைக் கூட்டி அள்ளி, இரண்டு மூட்டையையும் தராசில் வைத்தோம். நூற்றுப்பதினேழு. மரகதம் எட்டிப் பார்த்தாள். "இந்த எடைய எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றாள். உள்ளே போய் என் நோட்டை எடுத்து வந்தாள். முற்றத்தில் நின்று உரக்க வாசித்தாள்: "'உடுத்திய உடை, செருப்பு, தோள்பை எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளவும்.' ஏங்க, கூட்டிக்கொள்ளவும்னுதான போட்டிருக்கு? செவப்பு மை. கையெழுத்தும் உங்களுதுதான்."

"கயித்துக்கு நம்ம கோடவுன் வழக்கம் தெரியாதுல்ல மொதலாளி" என்றான் சின்னாண்டி. மிகவும் பணிவாகத்தான் சொன்னான். அந்தப் பணிவுதான் எனக்குச் சுருக்கென்றது.

போனில் அந்தப் பெண்மணி, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டேன். மெதுவாக நாற்காலியில் அமர்ந்தேன். பிளந்த தையலைப் பார்க்கப் பார்க்க, அதில் மூட்டைக்குப் பதில் நான் இருந்திருந்தால், அதுவும் பலாமரத்தடியில் இல்லாமல் முப்பதடி உயரத்தில் இருந்திருந்தால் என்றே நினைப்பு ஓடியது. தாங்கள் என் கையைப் பிடிக்க வேண்டாம் ஐயா, நான் சாய்ந்துவிடவில்லை. வண்டி வளைவில் திரும்புகிறது, அவ்வளவுதான்.

அப்போது சின்னாண்டி பிய்ந்த சேணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் அருகில் குந்தினான்.

"மொதலாளி, இது முழுசா இருந்தப்போ நூத்திப்பத்து தாங்குமா?"

"கழிக்காமல், கயிற்றைத் தொய்யவிட்டு உலுக்காமல் ஏறினால் தாங்கும்."

"நான் நாப்பத்தெட்டுதான இருப்பேன்."

"இருக்கலாம். ஏன்?"

அவன் உச்சியை அண்ணாந்து பார்த்தான். "மேல காய் இருக்குங்க" என்றான்.

"என்ன சொன்னாய்?"

"இருக்குங்க. கொத்துக் கொத்தா. கீழ இருக்கறதவிடப் பருவெட்டு."

"இருபத்துமூன்று வருஷமாக இல்லை இல்லை என்று சொன்னாயே!"

"மூங்கி முடிஞ்சதுக்கு மேல எனக்குப் பிடிமானம் இல்லீங்க. காத்தடிச்சா மரம் இந்தப் பக்கம் போகுது, மூங்கி அந்தப் பக்கம் போகுது. கீழ குனிஞ்சு பார்த்தா எம்பொண்டாட்டி பொறுக்கிக்கிட்டு நிக்கிறா. பயமா இருக்கும். அதான் இல்லைன்னுட்டேன்."

பார்த்தீர்களா ஐயா? இதுதான் என் குறை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். இருபத்துமூன்று ஆண்டு என் மிளகைக் குருவி தின்றிருக்கிறது, என்னிடம் ஒருவன் காற்றுதான் இருக்கிறது என்று பொய் சொல்லியிருக்கிறான்! "ஒரு வார்த்தை பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் ஏதாவது செய்திருக்க மாட்டேனா?" என்று கேட்டேன்.

"செஞ்சிருப்பீங்க மொதலாளி. பயப்படாத ஆளா ஒருத்தன ஏத்தியிருப்பீங்க."

மரகதம் என்னைப் பார்த்தாள். நான் மிளகைப் பார்த்தேன். முற்றத்தில் அங்கங்கே இன்னும் கொஞ்சம் கிடந்தது. அதைப் பொறுக்கத் தொடங்கினேன். குனிய எனக்குச் சிரமம்தான், இருந்தாலும் பொறுக்கினேன்.

இவ்வளவு காலம் அவன் எதைக் கட்டிக்கொண்டு ஏறினான் என்று கேட்கிறீர்களா? எதையும் கட்டவில்லை. அவனுக்குப் பழக்கம்... ஆம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிய்ந்த சேணத்தை அன்றே நான்கு துண்டாக வெட்டிவிட்டேன். ஒருமுறை பிளந்ததைத் தைத்துப் பயன்படுத்தக் கூடாது. யாரும் ஆசைப்பட்டு எடுத்துவிடவும் கூடாது. அந்த இரண்டு மூட்டைகளின் மேல் மையை அழித்துத் திரும்ப எழுதினேன்: ஐம்பத்தேழரை, ஐம்பத்தேழரை. சாக்குக்கு மட்டும் கழித்தேன். சாக்கு உண்மையிலேயே இருக்கிறதல்லவா? ஈரப்பதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அந்தப் பண்பாடில்லாத விற்பனையாளருக்கே எழுதினேன். எடை கேட்டிருந்தார். சின்னாண்டி ஒரு நிபந்தனை போட்டான்: "நீங்க தராசுல ஏறுங்க. நம்பர நான் சொல்றேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது." உடை, செருப்பு, பை, தண்ணீர், அரிவாள் அனைத்தோடும் ஏறினேன். நூற்றிருபத்துநான்கு. எழுதிவிட்டேன். அடுத்து அவனை ஏற்றினேன். கையில் அரிவாளோடு நாற்பத்தொன்பது. என் கை தானாக எழுதுகோலை எடுத்து நாற்பத்தைந்தரை என்று போட்டுவிட்டது ஐயா, முப்பதாண்டுப் பழக்கம். அவன் எழுத்தறியாதவன்; ஆனால் என் எண்களை நன்றாக அறிவான்.

"எங்கிட்டயும் ஈரப்பதமா மொதலாளி?"

அடித்துவிட்டு நாற்பத்தொன்பது என்று திருத்தினேன்.

ஆகவே இந்தப் பெட்டியில் இருப்பது இரண்டு. நூற்றைம்பது கிலோ தாங்கும் இரட்டைப் பட்டை ஒன்று. சிறியது ஒன்று. எனக்கு மேலே துணைக்கு ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் இரண்டாவதை வாங்கினேன்; மரகதத்திடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் நம்பியது போல் முகத்தை வைத்துக்கொண்டாள்.

என் முறை மெதுவாக வரும். எழுதி வைத்தபடி ஒரு வாரம் முழங்கால் உயரம், அதில் மாற்றமில்லை. நாளையே அவனும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாரம் முடிந்து அவன் முதலில் ஏறுவான். மூங்கில் முடியும் இடத்தில் நிற்க மாட்டான். நான் கீழே நின்று, "மேலே என்னப்பா இருக்கிறது?" என்று கேட்பேன். காய் என்றாலும் காற்று என்றாலும் இந்த முறை நம்பிவிடுவேன்.

இதோ, என் நிறுத்தம் வந்துவிட்டது. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறுங்கள், பெட்டி பெரியது. ஐயா, இதை ஒரு கணம் பிடியுங்கள். நான் கம்பியைப் பிடித்து எழுந்துகொள்கிறேன். ம்... ஆயிற்று. கொடுங்கள். இனி கை காலை நீட்டி அமருங்கள், தோளைத் தேய்த்துவிட்டுக்கொள்ளுங்கள். ஏறியதும் இருக்கையைக் குறுக்கிவிட்டார்கள் என்று தங்களிடம் சொன்னேன் அல்லவா? அதையும் அடித்துவிடுங்கள். இருக்கை பழைய அளவுதான்.